ஒரு மூடி மருந்து

"மருந்து" என்ற சொல்லை அந்தப் படத்துக்குள் கொண்டுவந்தவள் வத்சலாதான். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, செல்லங்களா. பாதியில் தெரிந்தால் உங்களுக்கு அவள்மேல் கோபம் வந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை. சொல் நன்றாக அமைய வேண்டும் என்று ஆசைப்பட்டவள், அவ்வளவுதான்.

வத்சலா தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். கணவர் மகாதேவனுக்குத் தணிக்கை வேலை; மாதத்தில் பாதி நாள் லக்னோ, பாட்னா என்று போய்விடுவார். மோதி பாக் குவார்ட்டர்ஸில் முதல் மாடி வீடு. மேதா என்று ஏழு வயதில் ஒரே பெண். மேதா தமிழ் பேசுவாள், நடுநடுவே இந்தி கால் வைக்கும். "அம்மா, ஜல்தி வா, பால் பொங்குது" என்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் மட்டும் உடனே கொட்டாவி வந்துவிடும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கடைசியில் வத்சலாவுக்குச் சனிக்கிழமைகளில் செய்ய ஒரு வேலை கிடைத்தது, ஒரு படத்தின் இந்தி வசனத்தைத் தமிழில் எழுதுவது. முனிர்க்காவில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில் கார்ட்டூன் படம் செய்கிற சின்ன ஸ்டுடியோ. தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய ரஜாய்களை, அதாவது பஞ்சடைத்த போர்வைகளை, ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அங்கே நாகர்கோவில்காரர் ஜெயசீலன், நாலு பேரை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். படத்தின் பெயர் மின்னி. மின்னி ஒரு குட்டி ஆரஞ்சு மீன். அது இருக்கிற ஏரியில் ஒரு ஃபேக்டரி தன் கழிவுக் குழாயைக் கொண்டுவந்து விடும். ஏரி நுரைத்து, நிறம் மாறி, மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கும். மின்னி மட்டும் தப்பித்துப் போய் ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். அதுதான் கதை.

ஹரியானா பக்கம் ஒரு கால்வாயோரத்து ஃபேக்டரியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் ஜெயசீலன் முதல் படத்தை வரைந்தாராம். அந்தக் கால்வாயில் தண்ணீர் குடித்த எருமைகள் கரையிலேயே படுத்தன, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

படம் முக்கால்வாசி முடிந்தபோது ஸ்டுடியோவுக்குப் பணமில்லாமல் மூச்சு முட்டியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி வந்து படத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டது. எந்தக் கம்பெனி என்கிறீர்கள்? கால்வாயோரத்து ஃபேக்டரிக்குச் சொந்தக்காரர்கள்தான். ஜெயசீலனுக்கு அது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த சனிக்கிழமை வத்சலா போனபோது திரையில் ஏரிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மல்லாந்து கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தன. புரண்டன. வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போயின.

"இதென்ன ஜெயசீலன்? போன வாரம் இதெல்லாம் செத்துதானே போச்சு?"

"செத்துதான் போச்சுக்கா. இப்ப கடைசிப் படத்துலேருந்து முதல் படத்துக்கு ஓட்டுறேன். எல்லாம் பொழச்சுட்டு, பாத்தியளா?" அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "அறுநூத்திச் சொச்சம் படம். ஒண்ணுகூடப் புதுசா வரையல்ல. குழாயை மட்டும் மாத்தினேன். ஃபேக்டரிச் சுவத்துல பூ போடச் சொன்னாவ, போட்டாச்சு. இப்ப குழாயிலேருந்து வருதுல்லா, அதாலதான் ஏரி பொழைக்குது. புதுக் கதை இதுதான்."

வத்சலா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். உயிர் வந்து புரளுகிற மீனின் கண் செத்த மீனின் கண்ணாகவே இருந்தது. ஆனால் அவள் அங்கே வசனம் எழுத வந்தவள். பேனாவைத் திறந்தாள்.

கம்பெனியின் தில்லி மேனேஜர் ராமமூர்த்தி கும்பகோணத்துக்காரர். எல்லாப் பெண்களையும் "அம்மா" என்று கூப்பிடுகிற சாந்தமான மனிதர். குழாயிலிருந்து வருகிறதே, அதற்கு இந்தி வசனத்தில் 'கோல்' என்றிருந்தது. கரைசல் என்று அர்த்தம்.

"கரைசலா? பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி மாதிரி இருக்கேம்மா."

"திரவம்னு போடட்டுமா?"

"ஐயையோ, ஆசிட்னு நினைச்சுப்பா. நம்ம ஜனங்க வாயில வர்ற வார்த்தையா ஒண்ணு சொல்லுங்கோ. தமிழ்நாட்டுல வேன் வெச்சு ஊர் ஊராப் போட்டுக் காட்டப் போறோம்."

வத்சலா யோசித்தாள். அவள் பிறந்தது மன்னார்குடி பக்கம். வயலில் பூச்சி விழுந்தால் அவள் அப்பா காலையில் கேட்கிற முதல் கேள்வி, "மருந்தடிக்க ஆள் வந்தாச்சா?" என்பதுதான். அங்கே யாரும் அதை வேறு பேரால் சொன்னதில்லை. அந்த டப்பாக்கள் கொட்டகை உத்தரத்தில், குழந்தை கை எட்டாத உயரத்தில் இருக்கும். தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் சோற்றில் வைக்க விடுவார்கள். இத்தனையும் அந்தச் சொல்லோடு சேர்ந்ததுதான். அவள் சொல்லை மட்டும் எடுத்தாள். உத்தரம் மன்னார்குடியிலேயே நின்றுவிட்டது.

"மருந்து," என்றாள்.

ராமமூர்த்தி மேஜையைத் தட்டினார். "சபாஷ்! இதும்மா வார்த்தை! சுத்தமா இருக்கு, மண் வாசனையும் இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வத்சலா தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். பாவம்.

மின்னிக்குக் குரல் கொடுக்கத் தமிழ் பேசுகிற குழந்தை வேண்டுமே. மேதாவையே கூட்டிக்கொண்டு போனாள். ரஜாய்களுக்கு நடுவே ஸ்டூலில் ஏறி நின்று, காதில் பெரிய ஹெட்ஃபோன் நழுவ நழுவ, மேதா பத்தொன்பது தடவை ஒரே வரியைச் சொன்னாள்: "ஒரு மூடி மருந்து போதும்! எழுந்திரு, எழுந்திரு!"

நடுவில் ஒரு தடவை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அம்மா, மீனுக்குக்கூட இருமல் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வத்சலாதான் அதிகமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசும்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மோதி பாக்கில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு கூடத்தில் படத்தை முதல் தடவையாகக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிற காந்திமதி டீச்சர் குழந்தைகளைத் திரட்டியிருந்தார். துவாரகாவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். மொத்தம் நூற்றெண்பது குழந்தைகள். விளம்பரத்துக்காக இரண்டு கேமராக்காரர்கள், கண்கூசுகிற விளக்குகள்.

ஏரிக் காட்சி வந்ததும் கூடம் அமைதியானது. மிதக்கிற மீன்களைப் பார்த்து ஒரு சின்னக் குழந்தை அழுதது. குழாய் திறந்தது. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஊற்றியது. மின்னி வாயைத் திறந்து ஒரு சொட்டு விழுங்கியது. மேதாவின் குரல் கூடமெங்கும் கேட்டது: "ஒரு மூடி மருந்து போதும்!" அடுத்த தடவை அந்த வரி வந்தபோது நூற்றெண்பது குழந்தைகளும் கூடவே கத்தினார்கள். "எழுந்திரு, எழுந்திரு!"

வத்சலாவுக்குக் கண் கலங்கியது. தில்லியில் இத்தனை குழந்தைகள் ஒரே குரலில் தமிழ் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

படம் முடிந்ததும் ராமமூர்த்தி அவளைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். மேதா இருமிக்கொண்டிருந்தாள்; அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருமல்தான். பக்கத்து வீட்டு அம்சவேணி வந்து, "அக்கா, நீங்க போட்டோ எடுத்துட்டு மெதுவா வாங்க. இளவரசி பசின்னு அழுவுறா, மேதாவையும் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். இளவரசி அவளுடைய நாலு வயசுப் பெண். மேதா இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. வத்சலா சமோசா என்று நினைத்துக்கொண்டாள்.

கால் மணி கழித்து அவள் வாசலுக்கு வந்தபோது ஒரு பெண் குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். எட்டு வயசு இருக்கும். ரெட்டைப் பின்னல், தலையில் மின்னி படம் போட்ட காகிதத் தொப்பி.

"ஆன்ட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பாத் மேயா?"

"எது கண்ணு?"

குழந்தை பொட்டலத்திலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினாள். இருமல் மருந்துப் புட்டி. அதே பழுப்புக் கண்ணாடி, அதே அளவு மூடி. உள்ளே ஆரஞ்சு நிறம். வெளியே மின்னி சிரித்தது. மின்னிக்குக் கீழே தமிழில் கொட்டை எழுத்தில்: மின்னி மருந்து.

வத்சலா அதைக் கையில் வாங்கினாள். அப்படி ஒரு புட்டி தருவார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மின்னியின் வால் பக்கம் நகத்தை விட்டு உரித்தாள். படம் பாதி கிழிந்து வந்தது. அடியில் வேறொரு லேபிள். சாய்ந்த சதுரத்துக்குள் மஞ்சள் நிறம், அதன்மேல் சிவப்பில் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரே ஒரு சொல். விஷம்.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அதற்குப் பின்னாலிருந்து, மெல்ல, மன்னார்குடிக் கொட்டகையின் வாசனை.

இந்தக் குழந்தைகளுக்கு வயல் தெரியாது. மருந்தடிக்கிற ஆளைத் தெரியாது. இவர்களுக்கு மருந்து என்றால் ஒன்றே ஒன்றுதான்: அம்மா மூடியில் ஊற்றித் தருவது, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது, விழுங்கினால் உடம்பு சரியாவது.

"நீ குடிச்சியா? நாக்கைக் காட்டு!"

குழந்தை மிரண்டுபோய் நாக்கை நீட்டினாள். நாக்கில் ஆரஞ்சுக் கறை இல்லை. குடிக்கவில்லை.

வத்சலா உள்ளே ஓடினாள். "ராமமூர்த்தி சார், புட்டியெல்லாம் திருப்பி வாங்குங்க! குழந்தைங்க இதைக் குடிச்சிடுவாங்க!"

"என்னம்மா இது? செடிக்கு, கரப்பானுக்கு, கொசுவுக்கு. ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி. சாம்பிள் கொடுக்கறோம், அவ்வளவுதானே?"

"இருமல் மருந்துப் புட்டியில கொடுத்திருக்கீங்களே!"

"அது ஒரு லாட் மலிவா கிடைச்சுது. மெதுவாப் பேசுங்கோ, கேமரா ஓடிண்டிருக்கு." அவர் அதே சாந்தத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மருந்துன்னு பேர் வெச்சது நீங்கதானேம்மா?"

வத்சலா அவரைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள். கூடத்தில் ஒரு நாற்பது குழந்தைகள்தான் மிச்சம். "குழந்தைங்களா, யாரும் அந்த மருந்தைக் குடிக்கக் கூடாது!"

யாரோ ஒரு அப்பா சிரித்தார். "மருந்தைக் குடிக்காம தலையிலயா தேய்ச்சுக்கறது?"

"அது விஷம்!" என்று கத்தினாள். குழந்தைகள் அவளையே பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அவளுக்கு அது அந்த நிமிஷம்தான் புரிந்தது. விஷம், குடிக்காதீர்கள் என்பதையே இந்தியில் கத்தினாள். "ஜெஹர் ஹை! மத் பீனா! ஜெஹர்!"

மைக் செத்தது. ராமமூர்த்தி கையில் ஒயர் இருந்தது. ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாக்கள் குழந்தைகள் கையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார்கள்.

"பஸ்?" என்றாள் வத்சலா.

"துவாரகா பஸ் போய்ப் பத்து நிமிஷமாச்சே," என்றார் காந்திமதி டீச்சர். அவர் பையைத் துழாவி வகுப்பு நோட்டை எடுத்தார். அதில் எல்லாக் குழந்தைகளின் பேரும் வீட்டு போன் நம்பரும் உண்டு. "நான் முதல் பக்கத்துலேருந்து கூப்பிடறேன். நீ உன் பொண்ணைப் பாரு, போ!"

ஜெயசீலன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். "பஸ்ஸ நான் மறிக்கேன்க்கா. நீங்க வீட்டுக்கு ஓடுங்க."

டீச்சர் தன் மொபைலில் முதலில் அழைத்தது அம்சவேணி வீட்டைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வத்சலா ஓடினாள். கூடத்திலிருந்து குவார்ட்டர்ஸ் பத்து நிமிஷ நடை. பார்க்கைச் சுற்றாமல் வேலி இடுக்கில் நுழைந்தாள், புடவை கிழிந்தது. பால் பூத்தைத் தாண்டினாள். சைக்கிள்காரர் ஒருத்தர் "அரே பெஹன்ஜி, பார்த்து!" என்று கத்தினார். அவள் காதில் விழுந்ததெல்லாம் மேதாவின் குரல்தான். ஒரு மூடி மருந்து போதும். பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் இவள்தான், இன்னும் நன்றாக, இன்னும் ஆசையாகச் சொல்லு என்று சொல்லிக்கொடுத்தவள். குடித்தால் எவ்வளவு சுகம் என்கிற மாதிரி சொல்லு கண்ணு.

படியில் ஏறும்போது குக்கர் விசில் கேட்டது. அம்சவேணி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. சமையலறையில் மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது. போன் அடிப்பது எங்கே கேட்கப் போகிறது?

கூடத்தில், டீவிக்குப் பக்கத்தில், அம்சவேணி ஐ.என்.ஏ. மார்க்கெட் போனபோது வாங்கி வந்த மீன் தொட்டி. அதிலிருந்த ஒரே ஆரஞ்சு மீனுக்கும் குழந்தைகள் மின்னி என்றே பேர் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் இரண்டு குழந்தைகளும் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பழுப்புப் புட்டி, திறந்திருந்தது. இளவரசியின் கையில் மூடி. மூடி நிறைய ஆரஞ்சு. மூடிக்கும் அவள் வாய்க்கும் நடுவே நாலு விரற்கடை.

செல்லங்களா, அப்போது வத்சலா கத்தவில்லை. கத்தினால் குழந்தை திடுக்கிட்டு ஒரே மடக்கில் விழுங்கிவிடும் என்று எங்கிருந்தோ அவளுக்குத் தோன்றியது. சாதாரணமாக நடந்து போனாள். அந்த ஏழெட்டு அடி தூரம் அவள் வாழ்நாள் முழுக்க நடந்த தூரத்தைவிட நீளம்.

"இளா கண்ணு, அதை ஆன்ட்டிகிட்ட கொடு."

"மாட்டேன். என் டர்ன் வரப்போவுது," என்றாள் இளவரசி.

"டர்ன் வந்ததும் தரேன். கொடு."

இளவரசி மேதாவைப் பார்த்தாள். மேதா பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். மூடி வத்சலாவின் கைக்கு வந்தது. ஆரஞ்சு நீர் புறங்கையில் வழிந்தது.

"குடிச்சீங்களா? ரெண்டு பேரும் சொல்லுங்க. ஒரு சொட்டு? நக்கினீங்களா?"

"இல்லம்மா," என்றாள் மேதா. "லைன்ல வரணும்ல? மின்னிக்கு முதல்ல. அப்புறம் இளா, அவ சோட்டி, சின்னவ. அப்புறம் நான். மின்னி எழுந்திருக்கட்டும்னு வெயிட் பண்றோம்."

வத்சலா தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் லேசாக ஆரஞ்சாக இருந்தது. மேலே மீன் மிதந்தது. மல்லாந்து, வெள்ளை வயிறு தெரிய.

"இப்ப எழுந்திரிக்கும் பாரு," என்றாள் மேதா நம்பிக்கையாக. தொட்டிக் கண்ணாடியில் வாயை வைத்து, படத்தில் பேசிய அதே குரலில் சொன்னாள். "எழுந்திரு, எழுந்திரு!"

வத்சலா இரண்டு பேரையும் தூக்கி இடுப்புக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கையை, வாயை, முழங்கை வரைக்கும் தேய்த்தாள். சத்தம் கேட்டு மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்த அம்சவேணி, விஷயம் புரிந்ததும் புட்டியை எடுத்து லேபிளைப் பார்த்தாள்.

"மருந்துன்னுதானேக்கா போட்டிருந்துச்சு," என்றாள். "நானே ராத்திரி கொடுக்கலாம்னு இருந்தேன், ரெண்டுக்கும் சளியா இருக்கேன்னு."

வத்சலா குழந்தைகளின் கையை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் புட்டிகள் வந்துகொண்டிருந்தன. தவுலா குவான் சிக்னலில் ஜெயசீலன் ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டு பஸ்ஸை நிறுத்தியிருந்தார். டிரைவர் அடிக்க வந்தாராம். அப்புறம் அந்த டிரைவரே பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் புட்டியை வாங்கித் தந்தாராம். பஸ்ஸில் ஒரு பையன் நாக்கில் தொட்டுப் பார்த்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வாந்தி எடுக்கவைத்தார்கள், பிழைத்தான். காந்திமதி டீச்சர் தொண்டை கட்டும்வரை போன் பேசினார். புட்டிகளைத் தன் வீட்டு பால்கனியில் அடுக்கி எண்ணினார். திரும்ப எண்ணினார். அம்சவேணி எண்ணினாள்.

நூற்று எழுபத்தொன்பது. கொடுத்ததோ நூற்றெண்பது.

நோட்டில் இருக்கிற எல்லாப் பேருக்கும் நேரே டிக் விழுந்துவிட்டது. அப்படியானால் ஒரு குழந்தை பேர் எழுதாமல் வந்திருக்கிறது. யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்த பிள்ளையோ, படம் காட்டுகிறார்கள் என்று தெருவிலிருந்து நுழைந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. எந்த நம்பருக்கு போன் செய்வது?

இருட்டுவதற்குள் ராமமூர்த்தியே வத்சலாவைக் கூப்பிட்டார். மேலிடத்தில் பேசிவிட்டாராம். "இனிமே லேபிள்ல குடிக்கக் கூடாதுன்னு சின்னதா ஒரு வரி சேர்த்துடுவோம்மா. புட்டி ரெண்டு லட்சம் ரெடியாயிடுத்து, அதை மாத்த முடியாது."

"பேரையாவது மாத்துங்க சார். நான் கொடுத்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"அதெப்படிம்மா? பேரைப் பதிவு பண்ணியாச்சு. இப்ப அது எங்க வார்த்தை." அவர் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. "டேப் செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் போறது. உங்க பொண்ணு ரொம்ப நன்னாப் பேசியிருக்கா. என் ஆசீர்வாதம் சொல்லுங்கோ."

ரெண்டு லட்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மேதாவைக் கூட்டிக்கொண்டு முனிர்க்காவுக்குப் போனாள். ஜெயசீலன் தனியாக உட்கார்ந்திருந்தார், கண் சிவந்து. அவள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்.

"திருப்பியாச்சுக்கா. முதல் படத்துலேருந்து கடைசிப் படத்துக்கு. நான் எப்படி வரைஞ்சேனோ அப்படி."

"தெரிஞ்சா உங்களை விடமாட்டாங்களே."

"வேன்ல போட்டப்பறம்தான் தெரியும். அதுவரைக்கும் பத்து ஊராவது பாத்திருமில்லா?"

மேதா ஸ்டூலில் ஏறினாள். திரையில் குழாய் திறந்தது. மீன்கள் நீந்தின, தள்ளாடின, ஒவ்வொன்றாக மல்லாந்தன. மேதா ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தாள். நேற்றுத் தொட்டியில் அதைப் பார்த்தவள்தானே.

வத்சலா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மேதா எழுத்துக் கூட்டினாள். "இ...து... வி...ஷ...ம்." நிமிர்ந்தாள். "விஷம்னா என்னம்மா?"

"ஜெஹர்."

"அப்ப மருந்துன்னா?"

ஜெயசீலன் திரையைப் பார்த்துக்கொண்டார். வத்சலா காகிதத்தைச் சுட்டிக் காட்டினாள். "இதை மட்டும் சொல்லு கண்ணு," என்றாள்.

மேதா சொன்னாள். "இது விஷம். குடிக்காதே. மின்னி எழுந்திருக்கல." கடைசி இரண்டு சொல்லை யாரும் எழுதித் தரவில்லை. அவளாகச் சேர்த்தாள். ஒரே தடவையில் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருமல் அதிகமாகிவிட்டது. நெஞ்சு குலுங்கக் குலுங்க இருமினாள். எங்கேயோ இந்த ஊரில் இன்னொரு குழந்தையும் இப்படி இருமிக்கொண்டிருக்கும், அதன் அம்மா அலமாரியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வத்சலாவை விடவில்லை. அவள் அலமாரியைத் திறந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த புட்டியை எடுத்தாள். லேபிளை ஒரு தடவை படித்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, அடியில் வேறு லேபிள் இல்லை என்று பார்த்தாள். மூடியில் ஊற்றி நீட்டினாள்.

மேதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நிஜ மருந்துடா. டாக்டர் கொடுத்தது."

தலையை ஆட்டினாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "நீ ஃபர்ஸ்ட்."

வத்சலா அந்த ஒரு மூடியைத் தன் வாயில் விட்டுக்கொண்டாள். கசந்தது. இன்னொரு மூடி ஊற்றி வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

மேதா வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், நேற்று அந்தத் தொட்டியைப் பார்த்த மாதிரியே.